மடியில் வைத்துக்கொண்டே பயன்படுத்தலாம்

நவம்பர் 21, வெள்ளி

ஹன்னா தூங்கிவிட்டாள். இவரும் தூங்கிவிட்டார். பாத்திரம் அப்படியே கிடக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதமும் ஷோரூமில் சம்பளம் பாதிதான் போட்டார்கள். "கிறிஸ்மஸ் முடியட்டும் ஜெபசிங், சேத்துத் தாரேன்" என்றாராம் முதலாளி. கிறிஸ்மஸ் முடிந்த பிறகு வந்து என்ன செய்ய?

இருபத்துநான்காம் தேதி மதுரையிலிருந்து ரூபி மைனி பிள்ளைகளோடு வருகிறார்கள். இவருக்கு ஒரே அக்கா. மாமா எடுத்துக் கொடுக்கும் துணியைப் போட்டுக்கொண்டுதான் அந்த இரண்டு பிள்ளைகளும் கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் போகும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அதற்கு மேல் ஹன்னாவின் சைக்கிள். பக்கத்துச் சக்கரம் வைத்தது, ஊதா நிறம், முன்னால் கூடை. நான்தான் வாய் தவறி "சரி" என்றுவிட்டேன். யு.கே.ஜி. முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலேஜ் தோழிகள் குரூப்பில் ஒருத்தி ஒரு வேலை அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்தே செய்யலாமாம். சுவேதா மேடம் என்று ஒருவர் சொல்லும் பொருளை நம் காசில் ஆன்லைனில் வாங்க வேண்டும். போட்டோவோடு ஐந்து நட்சத்திரம் போட்டு ரிவியூ எழுத வேண்டும். அது சில நாள் நின்றதும் பொருளின் விலையைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பொருளும் நமக்கே. மேல்கொண்டு கமிஷன். பத்து முடித்தால் பரிசுக் கூப்பன்.

யாரையும் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. பொருள் உண்மையாகவே வருகிறது, நானும் உண்மையாகவே வாங்குகிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பணம் வந்துவிட்டது! முதலில் வாங்கிய சாப்பாட்டுப் பைக்கு. பை நன்றாகத்தான் இருக்கிறது, ஜிப் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அதை எழுதவில்லை.

கோயிலில் இன்று அட்வெண்ட் முதல் மெழுகுவர்த்தி. பிரசங்கம் எதுவும் ஏறவில்லை. மனதுக்குள் ரிவியூதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சுவேதா மேடம் "தமிழ்ல எழுதினா எக்ஸ்ட்ரா" என்று போட்டிருந்தார். தமிழில் யாரும் எழுதுவதில்லையாம், அதனால் தமிழ் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடிப் படிக்கிறார்களாம். எனக்கு இது கஷ்டமா? காலேஜில் கட்டுரைப் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பால்காரருக்குச் சீட்டு எழுதியதோடு சரி. இப்போது எழுதுகிறேன், காசும் வருகிறது.

சிலிண்டருக்கு வைத்திருந்ததில் இன்னும் ஐந்து பொருள் ஆர்டர் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சைக்கிளை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுச் சொல்லலாம்.

டிசம்பர் 4, வியாழன்

காய் நறுக்கும் டப்பா. நறுக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.

டிசம்பர் 8, திங்கள்

ஆவி பிடிக்கும் மிஷின் வந்தது. நீலப் பெட்டி. இருப்பதிலேயே இதற்குத்தான் விலையும் கமிஷனும் கூட. பிள்ளையோடு போட்டோ எடுத்தால் இன்னும் கூட. ஹன்னாவுக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. போட்டோ எடுத்தேன். ஆவி முகத்தை மறைத்துவிட்டதால் யாரென்று தெரியாது, அது நல்லதுதான்.

தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. என் தப்புதான், கோட்டைத் தாண்டி ஊற்றியிருப்பேன். மிஷினைப் பரணில் வைத்துவிட்டேன். கீழே இடமில்லை.

ரிவியூவை இங்கேயும் எழுதிவைக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

"என் மகளுக்கு மார்ச்சளி. இரவெல்லாம் மூக்கடைத்து அழுவாள், அவளோடு சேர்ந்து நானும் அழுவேன். இந்த மிஷின் வந்த அன்றுதான் இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பயன்படுத்தலாம், பயமே இல்லை. அம்மாக்களே, யோசிக்காமல் வாங்குங்கள்."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பர்னால் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஹன்னாவை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. சளி.

ராத்திரி சாப்பிடும்போது "கையில என்ன?" என்று ஹன்னாவிடம் இவர் கேட்டார். டீ பட்டுவிட்டது என்றேன். "டீதானம்மா?" என்று ஹன்னாவைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

என் ரிவியூவுக்குக் கீழே "38 பேருக்கு இது உதவியாக இருந்தது" என்று வந்திருக்கிறது. மற்றதற்கெல்லாம் இரண்டு மூன்றுதான். மேடம் கைதட்டும் படம் போட்டார்.

ஐந்து பொருளுக்கும் பணம் இருபதாம் தேதி மொத்தமாக வரும். அதுவரை ரிவியூவை அழிக்கக் கூடாது, ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. மாற்றினால் ஐந்துக்குமே கிடையாது. இருபது சனிக்கிழமை. அன்றைக்கே சைக்கிள் கடைக்குப் போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை. கணக்காக இருக்கிறது.

ஹன்னாவின் கொப்புளம் உடைந்துவிட்டது. முழுக்கை கவுன் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும்.

கோயிலிலிருந்து வந்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுக் கிரேனாப் அக்கா ஆரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். ஆரோனுக்கு எட்டு மாதம். அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். பகலில் பிள்ளையை அடுத்த தெருவில் மாமியாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குப் போகிறவர்கள்.

"எப்சி, இந்தப் பயலுக்கு மூக்கடைச்சி ரெண்டு நாளா பாலே குடிக்க மாட்டேங்கான். ஆவி காட்டச் சொல்லுதாவ மாமி. மிஷினு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். இந்தா, இதப் படிக்கேன் கேளு."

படித்தார்கள். 'இரவெல்லாம் மூக்கடைத்து அழுவாள்' என்ற இடத்தில் அக்கா ஆரோனை இன்னும் கொஞ்சம் சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். வாயில் ஏதோ இருந்ததே நல்லது.

"யாரு பெத்த பிள்ளையோ, எப்படி எழுதியிருக்கா பாரேன். மத்ததெல்லாம் நைஸ் புராடக்ட், குட் புராடக்ட்னு கெடக்கு. இவதான் பிள்ள பெத்தவ மாதிரி எழுதியிருக்கா."

"விலை கூட மாதிரி இருக்கேக்கா."

"இருக்கட்டும். மடியில வச்சே பிடிக்கலாமாம்லா. இவன் எறக்கி விட்டாத்தான் கத்துவானே."

"ரிவியூல்லாம் சும்மா எழுதுவாங்கக்கா."

"போ ட்டி. பொய் சொல்லுதவளுக்கு இப்படி எழுத வருமா?"

அங்கே நின்றபடியே ஆர்டர் போட்டார்கள். ஆரோன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். அந்த மிஷின் கரண்டில் ஓடுவது, சின்னப் பிள்ளைக்குச் சரிவருமா, வேண்டாம் என்று போட்டுவிடுங்களேன் என்றேன். "நீ ஏன்ட்டி இப்படிப் பயப்படுத? எல்லாத்துக்கும் பயம் உனக்கு" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

64 பேருக்கு உதவியாக இருந்ததாம்.

டிசம்பர் 17, புதன்

அக்காவின் பார்சல் வந்தது. பகலில் நான்தான் வீட்டில் இருக்கிறேன் என்பதால் கீழ் வீட்டுப் பார்சலும் என் கைக்குத்தான் வரும். டெலிவரிக்கு எப்போதும் வரும் சுடலைமணி அண்ணாச்சி "இதையும் வாங்கி வச்சிருங்க தங்கச்சி" என்று நீட்டுவார். நான் கையெழுத்துகூடப் போட்டதில்லை. அத்தனை பழக்கம்.

பரணில் என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நீலம். மேலே பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன்.

யோசித்துத்தான் செய்தேன். சனிக்கிழமை பணம் வரும். வந்த நிமிடமே ரிவியூவை அழிப்பேன். பெட்டியை அக்காவிடம் கொடுத்து, என்னுடையது கெட்டுப்போனது, இதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்பேன். மூன்று நாள்தான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. பரணில் இருக்கும் மிஷின் யாரை என்ன செய்யும்?

டிசம்பர் 18, வியாழன்

"எப்சி, எனக்குப் பார்சல் வந்துச்சா?"

"இல்லையேக்கா."

அவ்வளவு சீக்கிரமாக வந்தது அந்த வார்த்தை.

"குடுத்தாச்சுன்னு காட்டுதே."

"சில நேரம் முன்னாடியே அப்படிப் போட்டுருவாங்கக்கா."

"அப்ப இவங்கள விடக் கூடாது" என்று அக்கா படியில் உட்கார்ந்து போனிலேயே கம்ப்ளைண்ட் எழுதினார்கள். நான் அது நடக்கும் என்று நினைக்கவில்லை. ஆரோன் மூச்சு விடும் சத்தம் மாடி வரைக்கும் கேட்கிறது. சின்ன விசில் மாதிரி.

இரண்டு நாள்.

டிசம்பர் 19, வெள்ளி

மதியம் சுடலைமணி அண்ணாச்சி வந்தார். கையில் பார்சல் எதுவும் இல்லை.

"தங்கச்சி, கீழ் வீட்டம்மா பார்சல உங்க கையிலதான குடுத்தேன்? புதன்கெழம. நீலப் பெட்டி."

"சரியா ஞாபகம் இல்லையே அண்ணாச்சி."

"மறந்திருப்பிய. வீட்டுல ஆயிரம் வேல. உள்ள போயிப் பாத்துட்டு வாங்க, நான் நிக்கேன்." வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "பொருளுக்குண்டான துட்டப் பிடிச்சாகூடப் போவுதுன்னு விட்டுருவேன். என் டெலிவரி ஐடிய நிப்பாட்டிருவாவ. இந்த மாசம் ஓடுனாத்தான் எங்களுக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும்னுட்டாவ."

உள்ளே போனேன். அடுக்களையில் சும்மா நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். வெளியே வந்து, "இல்ல அண்ணாச்சி" என்றேன்.

ஹன்னா என் பின்னாலேயே வந்திருக்கிறாள். "அம்மா, பரண்ல ரெண்டு பெட்டி..." என்று ஆரம்பித்தாள். என் கை அவள் வாயை மூடிவிட்டது. நான் மூடவில்லை, கை மூடிவிட்டது.

அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். ஹன்னாவைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ளைக்கு மூச்சு முட்டும், கைய எடுங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பிறகு அரிசி களைந்தேன். துணி மடித்தேன். என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. ஐந்தரை மணிக்கு அக்கா வீடு திரும்பும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி தெருமுனையில் அக்காவிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அக்கா மேலே வரவில்லை. அவர் சொல்லவில்லை.

ஆறு மணிக்குக் கீழேயிருந்து ஆரோன் அழுதான். இருமலோடு சேர்ந்த அழுகை. ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் முக்காலி, அதன் மேல் கொதிக்கக் கொதிக்கச் சட்டித் தண்ணீர். மடியில் ஆரோன். இருவரையும் சேர்த்து ஒரு துண்டு மூடியிருந்தது.

"யாரு எப்சியா? மிஷினுதான் வர மாட்டேங்கே. அந்தப் பிள்ள எழுதினா மாதிரி மடியில வச்சே சட்டியில காட்டிப் பாக்கேன்."

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது, சட்டி விளிம்பைத் தேடி. நான் முக்காலியை இழுத்தேன். பாதித் தண்ணீர் என் காலில் கொட்டியது. அது பெரிதில்லை.

"என்னட்டி பண்ணுத!"

"அது நான்க்கா. எழுதினது நான். பொய். பெட்டி எங்க வீட்டுப் பரண்ல இருக்கு."

அக்காவுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். காசு தருவார்கள் என்றேன், சைக்கிள் என்றேன், மிஷின் கொதிக்கிற தண்ணீரைத் துப்பும் என்றேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. அக்கா போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"இது நம்ம ஹன்னா கவுன்லா."

ஆரோனை இறுக்கிக்கொண்டார்கள். அப்புறம் ஹன்னாவைக் கிட்டே கூப்பிட்டார்கள். முழுக்கையை மேலே ஏற்றினார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும்.

"யாத்தே. இது எப்பிடிம்மா ஆச்சு?"

ஹன்னா என்னைப் பார்த்தாள். "டீ பட்டுட்டு ஆன்ட்டி" என்றாள். "அம்மா ஒண்ணும் செய்யல."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டாம் தேதி நடந்தது இதுதான். தண்ணீரைக் கோட்டுக்குக் கீழேதான் ஊற்றினேன். மிஷின் சூடானதும் கடகடவென்று சத்தம் போட்டது. ஹன்னா "பயமா இருக்கும்மா" என்று தள்ளி உட்கார்ந்தாள். போட்டோவில் அவளும் மிஷினும் சேர்ந்து வரவில்லை. "இன்னும் கிட்ட வா. இன்னும். கைய மேல வச்சிட்டுச் சிரி" என்றேன். வந்தாள். வைத்தாள். போட்டோ எடுத்த பிறகுதான் துப்பியது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. கத்தினாள், அதற்குப் பிறகும் ஒன்று எடுத்தேன். அதுதான் நன்றாக வந்திருந்தது.

டிசம்பர் 20, சனி

காலை எட்டு மணிக்கு சுடலைமணி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பார்சல் என்னிடம்தான் இருந்தது, தப்பு என்னுடையது என்றேன். கிடைத்துவிட்டது என்று அக்காவும் ஆபீசுக்கு எழுதிவிட்டார்கள். அண்ணாச்சி "சரி தங்கச்சி" என்றார்.  இனிமேல் என்னிடம் கையெழுத்து வாங்குவார் என்று நினைக்கிறேன்.

ஒன்பது மணிக்கு ரிவியூவை மாற்றினேன். ஒரு நட்சத்திரம். போட்டோவை எடுத்தேன். சாயங்காலம் வரை காத்திருந்தால் பணம் வந்திருக்கும், அதற்குப் பிறகு மாற்றியிருக்கலாம் என்று மாற்றும்போதுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்போது 112 பேர்.

பத்து நிமிடத்தில் சுவேதா மேடத்தின் மெசேஜ் வந்தது. "மேடம் ஏன் இப்படி பண்றீங்க? உடனே பழையபடி மாத்துங்க, எல்லா அமவுண்டும் இன்னிக்கே போட்டுடறேன்." போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் எழுதவில்லை. மதியம் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்துக்கும் பணம் கிடையாது. சிலிண்டர் காசும் போயிற்று.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். எழுந்து போய் ஹன்னாவின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"டீன்னு சொன்னியே எப்சி."

அதற்குப் பிறகு இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஹன்னாவை ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். கட்டுப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் என்ன செய்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாராம்.

டிசம்பர் 22, திங்கள்

கிரேனாப் அக்கா மேலே வந்தார்கள். ஆரோனைத் தூக்கி வரவில்லை. போனை மட்டும் நீட்டினார்கள்.

அதே மிஷின், அதே பக்கம். "என் மகனுக்கு மார்ச்சளி. இரவெல்லாம் மூக்கடைத்து அழுவான்." வேறு பெயர். அதற்குக் கீழே இன்னொன்று, "என் பேத்திக்கு." இன்னொன்று. ஏழு இருக்கின்றன. எல்லாவற்றிலும் மடியில் வைத்துக்கொண்டே பயன்படுத்தலாம். இரண்டில் ஹன்னாவின் போட்டோ.

"ஒன்னோட ஒரு நட்சத்திரம் எங்க கெடக்குன்னு தேடித்தான் பாத்தேன்" என்றார்கள் அக்கா. "கடைசிப் பக்கத்துல கெடக்கு."

டிசம்பர் 24, புதன்

ரூபி மைனி வந்துவிட்டார்கள். இவர் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த துணியைத்தான் நாளைக்குப் போடுவார்கள். மைனி ஹன்னாவை மடியில் வைத்துக் கட்டைத் தடவிக்கொண்டே, "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா, துணி வேண்டாம்னிருப்பேம்லா" என்று இவரிடம் சொன்னார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

சைக்கிளைப் பற்றி ஹன்னா கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த ஏழு ரிவியூவும் தப்பு என்று புகார் கொடுக்க ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். ஒரு போனிலிருந்து ஒன்றுக்கு ஒரு தடவைதான் முடிகிறது. நான் அழுத்தினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவர் தன் போனை எடுத்து, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். நான்கு நாளில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. கீழே அக்காவும் அழுத்தியிருக்கிறார்கள். மைனியும். இதுவரை இரண்டு போயிருக்கின்றன, ஐந்து நிற்கின்றன.

டிசம்பர் 25, வியாழன், விடிகாலை

நாலரை மணி ஆராதனை. எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போனில் ஒரு செய்தி கிடந்தது. அந்த மிஷினை வாங்கியவர்களிடம் ஒருத்தி கேள்வி கேட்டிருக்கிறாள். யாரோ, எந்த ஊரோ.

"அக்கா, என் பாப்பாவுக்கு அஞ்சு மாசம். மடியில வச்சு பிடிக்கலாமா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்."

கேள்வி நேற்று மதியம் வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஏற்கெனவே ஒரு பதில். "தாராளமாக. பயமே இல்லை." என் வார்த்தை. நான் எழுதவில்லை.

அழகாக எழுதத் தோன்றவில்லை. இப்படி எழுதினேன்.

"வேண்டாம்மா. வெந்நீர் துப்பும். என் பிள்ளைக்குக் கை வெந்துவிட்டது. மேலே நல்லதாக எழுதியிருப்பது எல்லாம் நான் காசுக்கு எழுதினது. வாங்கியிருந்தால் பிளக்கில் சொருகாதே. இதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை எழுது."

அனுப்பி இருபது நிமிடம் ஆகிறது. ஹன்னாவுக்குத் தலைவாரிவிட்டேன். கட்டின் மேல் தண்ணீர் படாமல் முகம் கழுவிவிட்டேன். இவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார். இன்னும் ஒரு தடவை பார்த்தேன்.

பதில் இல்லை.